தங்கம் தீர்ந்ததா, தரம் குறைந்ததா?

உரைநடைப் பாடம்

நுழையும்முன்

உங்களுள் பலருடைய தாத்தா பாட்டியரோ பெற்றோரோ வேலை நாடித் தமிழ்நாட்டை விட்டுப் புறப்பட்டவர்கள். அவர்கள் சென்று சேர்ந்த ஊர்களுள் சில ஆலையால் வளர்ந்தன. சில துறைமுகத்தால் வளர்ந்தன. சில சுரங்கத்தால் வளர்ந்தன. ஒரு டன் கல்லில் எத்தனை கிராம் உலோகம் உள்ளது என்னும் ஒற்றை எண், ஓர் ஊரின் எழுச்சிக்கும் தளர்ச்சிக்கும் எவ்வாறு காரணமாயிற்று என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது. தாளும் எழுதுகோலும் அருகில் இருக்கட்டும்; இடையிடையே கணக்கிட வேண்டியிருக்கும்.

பாடப்பகுதி

பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கோலார் தங்கவயல். மாரிக்குப்பம், உரிகம், சாம்பியன் ரீஃப், ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை எனத் தமிழும் ஆங்கிலமும் கலந்த பெயர்களைக் கொண்ட பகுதிகள் அங்கே உண்டு. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்ட பின்னர், வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அவ்வூருக்குக் குடிபெயர்ந்தன. அவர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளுக்கு 'லைன் வீடுகள்' என்று பெயர். கருநாடக மண்ணில் இருந்தாலும் அந்த வரிசைகளில் ஒலித்தது பெரும்பாலும் தமிழே.

1902ஆம் ஆண்டு சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் அச்சுரங்கங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். பொன்னுக்கு இருந்த மதிப்பு அத்தகையது. நூற்றிருபது ஆண்டுக் காலத்தில் அச்சுரங்கங்கள் ஏறத்தாழ 800 டன் தங்கத்தை ஈந்தன. பின்னர், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், சுரங்கம் மூடப்பட்டது.

'தங்கம் தீர்ந்துவிட்டது, ஆகவே மூடிவிட்டார்கள்' என்று பலர் கூறுவர். கேட்பதற்குப் பொருத்தமாகவே உள்ளது. ஆயினும் அக்கூற்று முழு உண்மை அன்று. தங்கம் இன்றும் அங்கே உள்ளது. தீர்ந்தது எது என்பதை அறிய, முதலில் தாது என்பது யாது என்று தெளிய வேண்டும்.

கனிமமும் தாதுவும்

மண்ணில் இயற்கையாகக் கிடைக்கும் உலோகச் சேர்மங்களையும், தங்கம்போல் தனித்த நிலையில் கிடைக்கும் தனிமங்களையும் கனிமங்கள் என்கிறோம். அவற்றுள், உலோகத்தை ஊதியம் தரும் வகையில் பிரித்தெடுக்க உதவுவதே தாது. தாது யாவும் கனிமமே. ஆனால் கனிமம் யாவும் தாது ஆகிவிடாது. செம்மண்ணின் சிவப்புக்குக் காரணம் அதில் உள்ள இரும்பு ஆக்சைடு. அதற்காக, வீட்டுத் தோட்டத்து மண்ணை எவரும் இரும்புத் தாது என்று கூறுவதில்லை. அதை உருக்கி ஆணி செய்ய முனைவதும் இல்லை.

தாதுவில் உலோகம் எத்தனை பங்கு கலந்துள்ளது என்பதே தாதுவின் தரம். இரும்பு, செம்பு போன்றவற்றின் தரத்தை விழுக்காட்டில் குறிப்பர். தங்கம் மிக அரிதாகையால், அதன் தரத்தை டன்னுக்கு இத்தனை கிராம் என்று குறிப்பர்.

கோலாரில் தொடக்கக் காலத்தில் ஒரு டன் தாதுவில் ஏறத்தாழ 45 கிராம் தங்கம் கிடைத்தது. மூடப்படும் காலத்தில் அது 3 கிராம் அளவுக்கு இறங்கியிருந்தது. இவ்வெண்களை வீட்டு வழக்கில் பார்ப்போம். ஒரு பவுன் என்பது 8 கிராம். அம்மாவின் கழுத்தில் உள்ள சங்கிலி ஒரு பவுன் எனக் கொள்வோம். 45 கிராம் தரமுள்ள தாதுவாயின், அச்சங்கிலிக்கு 178 கிலோ கல்லை வெட்டினால் போதும். ஒரு மாட்டுவண்டிப் பாரத்துக்கும் குறைவு. 3 கிராம் தரமுள்ள தாதுவாயின், 2,667 கிலோ கல்லை வெட்டி, மேலேற்றி, மாவாக அரைக்க வேண்டும். சங்கிலி அதேதான், உழைப்போ பதினைந்து மடங்கு. பிரித்தெடுக்கும்போது சிந்திச் சிதறும் இழப்பை இக்கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் எடை இன்னும் கூடும்.

நிலத்தின் மேலோட்டில் உள்ள எந்தப் பாறையிலும் சிறிதளவு தங்கம் இருக்கத்தான் செய்கிறது. சராசரியாக ஒரு டன் பாறையில் சில மில்லிகிராம். உங்கள் பள்ளிச் சுவரின் கருங்கல்லும் அதற்கு விலக்கன்று. ஆனால், அக்கல்லிலிருந்து ஒரு பவுன் பெற ஆயிரக்கணக்கான டன்னை அரைக்க வேண்டும். அரைக்கும் மின்சாரத்தின் விலை தங்கத்தின் விலையை விழுங்கிவிடும். இதனால்தான், உலகில் மொத்தம் எவ்வளவு தங்கம் உள்ளது என்று வினவுவதைவிட, எந்தத் தரத்தில் எவ்வளவு உள்ளது என்று வினவுவதே பொருளுடைய வினா.

வளமும் இருப்பும்

நிலவியலார் இரு சொற்களைக் கவனமாக வேறுபடுத்துவர். நிலத்தடியில் உள்ளதென ஆய்வால் அறியப்பட்டு, என்றேனும் பயன்படக்கூடும் எனக் கருதப்படுவது வளம். அவ்வளத்துள், இன்றைய விலையிலும் இன்றைய தொழில்நுட்பத்திலும் ஊதியத்தோடு எடுக்கக்கூடியது இருப்பு. வயலில் விளைந்து நிற்கும் நெல்லையும் குதிரில் கொட்டி வைத்த நெல்லையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் நெல்லே. எனினும், நாளைக் காலை உலையில் இடுவதற்குக் குதிரில் உள்ள நெல்லையே நம்ப இயலும்.

எத்தரத்துக்குக் கீழே இறங்கினால் கல்லை வெட்டுவது வீண் என்று ஓர் எல்லையை வகுப்பதுண்டு. அதனை வரம்புத் தரம் என்க. இவ்வரம்பு மலையில் எழுதப்பட்டதன்று; மனிதர் வகுப்பது. ஆகையால் அது மாறும். அது மாறும்போது இருப்பின் அளவும் மாறும்.

இதற்கு நம் நாட்டிலேயே தெளிவான சான்று உண்டு. ஹேமடைட் வகை இரும்புத் தாதுவில் 55 விழுக்காட்டுக்குக் குறைவாக இரும்பு இருந்தால், அதனைத் தாதுவாகக் கணக்கிடாத வழக்கம் நெடுங்காலம் இந்தியாவில் இருந்தது. சத்தீசுகரின் பைலாடிலா மலைத்தொடரில் 65 விழுக்காட்டையும் கடந்த உயர்தரத் தாது கிடைக்கும்போது, 50 விழுக்காட்டுக் கல்லை எவர் மதிப்பர்? அது கழிவாக ஒதுக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு இந்தியச் சுரங்கப் பணியகம் அவ்வரம்பை 45 விழுக்காடாகத் தாழ்த்தியது. ஒதுக்கப்பட்ட கல் கணக்கில் ஏறியது. நிலத்தில் ஒரு கூழாங்கல்கூடப் புதிதாகத் தோன்றவில்லை. ஆனால் நாட்டின் இரும்புத் தாதுக் கணக்கு பெருகியது. நாளேடுகளில் 'கனிம வளம் உயர்ந்தது' என்னும் செய்தியைக் காணும்போது, புதிய மலை கண்டறியப்பட்டதா, பழைய வரம்பு தாழ்த்தப்பட்டதா என்று வினவும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்.

சேலத்துக் கஞ்சமலையும் இங்கே நினைவுக்கு வருகிறது. அம்மலையின் மேக்னடைட் தாதுவில் இரும்பு 35 விழுக்காட்டு அளவில்தான் உண்டு. எஞ்சியதில் பெரும்பகுதி குவார்ட்சு. எனினும் பழைய உலைக்காரர்கள் அதனை விடவில்லை. தாதுவை இடித்து நுணுக்கி, நீரில் அலசியோ முறத்தில் புடைத்தோ குவார்ட்சை நீக்கிய பிறகே உருக்கினர். அரிசி புடைக்கும் அதே செயல்தான். இன்றைய ஆலைகளில் காந்தத்தைக் கொண்டு மேக்னடைட்டைப் பிரிக்கின்றனர். கருவி மாறியது, தரம் குறைந்த தாதுவைச் செறிவாக்கிய பின்னரே உலையில் இட வேண்டும் என்னும் நெறி மாறவில்லை.

தரம் இறங்க, அளவு ஏறுமா?

இனிச் செம்பைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செம்புச் சுரங்கத்தார் பல விழுக்காடு செம்புள்ள தாதுவையே நாடினர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிங்காம் என்னும் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 2 விழுக்காடே செம்புள்ள பெரும் பாறைத்திரள் ஒன்று இருந்தது. அது பயனற்றது எனப் பலர் கருதினர். டேனியல் ஜாக்லிங் என்னும் பொறியாளர் வேறு விதமாகக் கணக்கிட்டார். தரம் குறைவுதான், ஆனால் அளவு மிகப் பெரிது. சுரங்கவழி குடையாமல், மலையையே மேலிருந்து படிப்படியாக வெட்டினால் செலவு குறையும் அல்லவா? 1906ஆம் ஆண்டு அங்கே திறந்தவெளிச் சுரங்கம் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் நுரை மிதப்பு முறையும் பரவியது. அதன்பின், ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்த தாதுவும் உலகச் சந்தைக்குச் செம்பு தரலாயிற்று. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட் சுரங்கத் தாதுவின் தரம் ஒரு விழுக்காட்டை ஒட்டியதே. அங்கே 1,000 கிலோ கல்லில் ஏறத்தாழ 10 கிலோ செம்பு. மிகுதி 990 கிலோவை எங்கேனும் கொட்டியாக வேண்டும்.

1950ஆம் ஆண்டு, அமெரிக்க நிலவியலாளர் சாமுவேல் லாஸ்கி இத்தகைய செம்புப் படிவுகளை ஆராய்ந்து ஒரு தொடர்பைக் கூறினார். தரம் கூட்டுத் தொடர்வரிசையில் இறங்க இறங்க, தாதுவின் அளவு பெருக்குத் தொடர்வரிசையில் ஏறுகிறது என்பது அதன் சாரம். பத்தாம் வகுப்புக் கணக்கில் நீங்கள் காணும் அதே தொடர்வரிசைகள்தாம்.

ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்கலாம். ஒரு மலையில் 2 விழுக்காடு செம்புள்ள தாது 10 இலட்சம் டன் உள்ளது. 1.5 விழுக்காடு உள்ளது 20 இலட்சம் டன், 1 விழுக்காடு உள்ளது 40 இலட்சம் டன், 0.5 விழுக்காடு உள்ளது 80 இலட்சம் டன். ஒவ்வொன்றிலும் உள்ள செம்பைக் கணக்கிடுங்கள். முறையே 20,000, 30,000, 40,000, 40,000 டன் என விடை வரும். மிகச் சிறந்த தாதுவை மட்டும் எண்ணியவர் அம்மலையில் 20,000 டன் செம்பே உண்டு என்பார். நான்கையும் எண்ணியவர் 1,30,000 டன் என்பார். இருவரும் பொய் கூறவில்லை.

இவ்விடத்தில் சற்று நின்று அந்த நான்கு எண்களை மீண்டும் நோக்குக. தாது இருமடங்காகிக்கொண்டே சென்றது. செம்போ கடைசிப் படியில் ஏறவில்லை. 40,000 அப்படியே நின்றுவிட்டது. இன்னும் ஒரு படி இறங்கினால் தரம் சுழியம் ஆகிவிடும். 160 இலட்சம் டன் கல் இருக்கும், ஒரு குண்டுமணிச் செம்பும் இராது! ஆகவே, லாஸ்கியின் தொடர்பை ஓர் எல்லைக்குள்தான் நம்ப வேண்டும். தரத்தைத் தாழ்த்திக்கொண்டே போனால் உலோகம் என்றென்றும் பெருகும் என்று கருதுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

வேறொரு தடையும் உண்டு. பிரையன் ஸ்கின்னர் என்னும் நிலவியலாளர் 1976ஆம் ஆண்டு அதனை எடுத்துக்காட்டினார். பாயசத்தில் மிதக்கும் முந்திரிப் பருப்பைக் கரண்டியால் எடுத்துவிடலாம். அதில் கரைந்துவிட்ட வெல்லத்தை அவ்வாறு எடுக்க இயலுமா? தரமான தாதுவில் செம்பு, கந்தகத்தோடு சேர்ந்து தனிக் கனிமத் துகளாக, முந்திரிபோல் நிற்கிறது. அரைத்து நுரையில் மிதக்கவிட்டால் பிரிந்துவிடும். தரம் 0.1 விழுக்காட்டுக்கும் கீழே மிகவும் தாழ்ந்த சாதாரணப் பாறைகளிலோ செம்புக்குத் தனிக் கனிமம் இல்லை. அதன் அணுக்கள் பிற கனிமங்களின் படிக அமைப்புக்குள்ளேயே, வெல்லம்போல் கரைந்து கிடக்கின்றன. அங்கே அரைத்துப் பயனில்லை. பாறை முழுவதையும் வேதியியல் முறையில் உடைக்க வேண்டும். அதற்குத் தேவைப்படும் ஆற்றல் பன்மடங்காகும். உலகின் செம்பில் மிகப் பெரும் பங்கு இந்தத் தடைக்கு அப்பால்தான் உள்ளது. இரும்பும் அலுமினியமும் மேலோட்டில் மிகுதியாக உள்ளமையால் அவற்றுக்கு இத்தடை அவ்வளவாக இல்லை.

மீண்டும் தங்கவயல்

இப்போது கோலாருக்குத் திரும்புவோம். அங்கே தங்கம் தாங்கிய குவார்ட்சுப் படலங்கள் நிலத்துள் செங்குத்தாக இறங்குகின்றன. மேலே உள்ளதை எடுத்துவிட்டால் கீழே போக வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசையும் கடக்கும். குளிர்ந்த காற்றை மேலிருந்து செலுத்தாவிடில் மனிதர் நிற்க இயலாது. மேலுள்ள பாறையின் அழுத்தம் தாங்காமல் பக்கச் சுவர்கள் திடீரென வெடித்துச் சிதறும். அப்பாறை வெடிப்புகளில் உயிரிழந்தோர் பலர். அவர்களுள் தமிழர் மிகுதி. (அதே ஆழம் அறிவியலுக்கு உதவியதும் உண்டு. 1965ஆம் ஆண்டு, காற்று மண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தை அறிவியலாளர் அச்சுரங்கத்தின் அடியில் கண்டறிந்தனர்.)

ஆக, ஒரு பக்கம் தரம் 45 கிராமிலிருந்து 3 கிராமுக்கு இறங்கியது. மறுபக்கம் ஆழத்தால் செலவு ஏறியது. தங்கத்தின் அன்றைய விலையோ இன்றைய விலையோடு ஒப்பிடுகையில் மிகக் குறைவு. இம்மூன்றும் ஒருங்கே அழுத்தியபோது, கல்லுக்குள் இருந்த பொற்றுகள் இருப்புக் கணக்கிலிருந்து நீங்கி, வெறும் வளக் கணக்குக்குச் சென்றுவிட்டது. நாட்டின் கணக்கேட்டில் இது ஒரு பத்தியிலிருந்து மறு பத்திக்கு மாறிய எண். லைன் வீடுகளில் அது வேறாக இருந்தது. மூன்று, நான்கு தலைமுறையாகச் சுரங்கத்தையே நம்பியிருந்த குடும்பங்களுக்கு வேலை இல்லாது போயிற்று. சம்பளத்தோடு மருத்துவமனை, தண்ணீர், துப்புரவு என நிறுவனம் அளித்துவந்த வசதிகளும் தளர்ந்தன. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் தொடர்வண்டியில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புவது, அவ்வூரார் பலருக்கு வழக்கமாயிற்று. ஊரை விட்டே சென்றவர்களும் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இவ்வகுப்பிலேயே இருக்கக்கூடும்.

அவ்வூரின் நடுவே வெளிறிய மண்மேடுகள் குன்றுகள்போல் நிற்கின்றன. தாதுவை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய கழிவு அது. சயனைடு முறை 1887ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் கண்டறியப்பட்டது. உலகெங்கும் தரம் குறைந்த தாதுவிலிருந்து தங்கம் எடுக்க வழி வகுத்தது. மக்கள் அம்மேடுகளைச் சயனைடு மலைகள் என்கின்றனர். கோடைக் காற்றில் அவற்றின் தூசு வீடுகளுக்குள் புகுகிறது.

அம்மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு உள்ளது. டன் ஒன்றுக்கு ஏறத்தாழ 0.7 கிராம் தங்கம் அதில் எஞ்சியிருப்பதாக மதிப்பிட்டுள்ளனர். பெருக்கிப் பாருங்கள்: இருபது டன்னுக்கு மேல் தங்கம்! தரமோ சுரங்கத்தின் இறுதிக்காலத் தரத்தில் நான்கில் ஒரு பங்கும் இல்லை. எனினும் இக்கல்லை மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து ஏற்ற வேண்டுவதில்லை; முன்னரே அரைத்தும் ஆயிற்று. ஆகவே, சுரங்கத்துள் 3 கிராம் கட்டுப்படியாகாத இடத்தில், மேட்டில் 0.7 கிராம் கட்டுப்படியாகக்கூடும். தங்க விலை ஏறுந்தோறும் அம்மேடுகளை மீண்டும் பதப்படுத்தலாமா என்னும் பேச்சு எழுவது இதனால்தான். தரம் ஒன்றே முடிவு செய்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

கட்டுப்படியாகும் என்றாலும் எடுக்கலாமா என்பது வேறு வினா. கருநாடகத்தின் குதிரேமுக மலையில் தரம் குறைந்த மேக்னடைட் தாதுவை வெட்டி, செறிவாக்கி, குழாய் வழியே மங்களூர்த் துறைமுகத்துக்கு அனுப்பினர். தொழில் ஊதியம் தந்தது. ஆனால், அம்மலை மழைக்காடுகளின் இருப்பிடம், பத்திரை ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி, தேசியப் பூங்கா. தரம் குறைந்த தாதுவாகையால் கழிவும் மிகுதி. உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2005ஆம் ஆண்டின் இறுதியோடு அங்குச் சுரங்கப் பணி நின்றது. தாது அங்கேயே உள்ளது. கோலாரில் கணக்கு நிறுத்தியது. குதிரேமுகத்தில் சட்டம் நிறுத்தியது.

சொற்பொருள்

ஈந்தன – கொடுத்தன
குதிர் – நெல் சேமிக்கும் மண்கலம்
ஊதியம் – இலாபம்
செறிவாக்குதல் – வேண்டாதவற்றை நீக்கி உலோகப் பங்கை மிகுவித்தல்
கட்டுப்படியாதல் – செலவுக்கு ஏற்ற வரவு கிடைத்தல்
நீர்ப்பிடிப்புப் பகுதி – மழைநீர் திரண்டு ஆற்றில் சேரும் நிலப்பரப்பு

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: பொற்றுகள், கருங்கல், செம்மண், அவ்வூர்.

ஆ. 'புடைத்தல்', 'அலசுதல்', 'நுணுக்குதல்' – இச்சொற்கள் உங்கள் வீட்டுச் சமையலறையில் எப்பொருள்களோடு வழங்குகின்றன? ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர் எழுதுக.

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. தோட்டத்துச் செம்மண்ணை இரும்புத் தாது என்று கூறாதது ஏன்?
2. 2009ஆம் ஆண்டு நாட்டின் இரும்புத் தாதுக் கணக்கு உயர்ந்ததற்குக் காரணம் யாது?
3. முந்திரி, வெல்லம் ஆகிய உவமைகள் எவற்றை விளக்குகின்றன?

ஈ. கணக்கிடுக: டன்னுக்கு 0.7 கிராம் தங்கமுள்ள கழிவிலிருந்து ஒரு பவுன் பெற எத்தனை டன் கழிவு வேண்டும்? கிடைத்த விடையைப் பாடத்தில் உள்ள மற்ற இரு எடைகளோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.

உ. 'சயனைடு மலைகளை மீண்டும் பதப்படுத்த வேண்டும்' – தங்கவயலில் வாழும் ஒருவர், சுரங்கப் பொறியாளர் ஒருவர், ஊர் மருத்துவர் ஒருவர் ஆகிய மூவரும் இதுபற்றி உரையாடுவதாகக் கற்பனை செய்து பதினைந்து வரிகளில் எழுதுக.

ஊ. உங்கள் குடும்பம் இப்போதுள்ள ஊருக்கு எந்த ஆண்டு, எந்த வேலையை நாடி வந்தது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டறிக. அவ்வேலை இன்றும் அவ்வூரில் உள்ளதா என்பதையும் கேட்டு, அவர் கூறியவற்றை அவர் சொற்களிலேயே எழுதி வருக.